‘விடுங்க’ என்று அவர் சொல்லும்வரை

யோகா வாத்தியார் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, “நீங்க எப்படிங்க இதுக்கு வந்தீங்க?” என்பதுதான். கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு கணக்குத் தெரிந்துவிட்டது. பாதிப் பேர் முதுகுவலியில் வந்தவர்கள். சிலர் சர்க்கரைக்குப் பயந்து வந்தவர்கள். ரிட்டையர் ஆன டிரில் மாஸ்டர்கள் உண்டு. பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு ஏதோ ஆசிரமத்துக்கு ஓடிப்போய், அங்கே சாப்பாடு சரியில்லை என்று திரும்பி வந்து, அந்த வெட்கத்தை மறைக்க வகுப்பு ஆரம்பித்த ஒருவரைத் துறையூரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரம்பலூர் மாஸ்டர் வந்த வழி இதில் எதிலும் சேராது. அவர் பேச்சு வராமல் யோகாவுக்கு வந்தார்.

திக்குவாய். இதைப் பூசி மெழுகிச் சொல்வது அவருக்கே பிடிக்காது, பிறகு எனக்கென்ன? எல்லா எழுத்தும் திக்காது. ஒரு சொல் ‘ப’விலோ ‘வ’விலோ தொடங்கினால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் எங்கோ மேலே போய் நிற்கும். மற்றபடி நன்றாகவே பேசுவார், நக்கலாகவும் பேசுவார். ஆனால் இந்த இரண்டு எழுத்தையும் விட்டுவிட்டுத் தமிழில் என்னத்தைப் பேசுவது? வாங்க, போங்க, பசி, வலி, வீடு, பொண்ணு. போதாக்குறைக்கு அவர் வேலைக்குச் சேர்ந்தது ஜவுளிக்கடையில். வாசலில் நின்று “வாங்க வாங்க” என்று கூப்பிடத்தான் எடுத்தார்களாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு முதலாளி அவரைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். பிரித்துப் போட்டுவிட்டு எடுக்காமல் போகிற சேலைகளை மறுபடி மடித்து அடுக்குகிற வேலை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பயிர் காய்ந்துவிடும் என்று ஆட்கள் என் தலைமேலேயே நிற்பார்கள். “இப்ப முடியுமா, அப்ப முடியுமா” என்று கேட்கக் கேட்க எனக்குப் பிரஷர் ஏறும். நான் கத்துவது எதிர்ச்சாரி மருந்துக்கடை வரைக்கும் கேட்கும் என்பார்கள். டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, “கூடவே யோகாவும் பண்ணுங்க. வெங்காய மண்டியில ஒருத்தர் சொல்லித் தர்றாரு” என்றார். ஒரு சொல்லுக்காக ஒரு நிமிஷம் காக்க வைக்கிற ஆளிடம், ஒரு நொடி பொறுக்காத என்னை அனுப்பி வைத்தாரே, தெரிந்துதான் செய்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குச் சந்தேகம்.

வெங்காய மண்டி என்று சொன்னது விளையாட்டில்லை. மண்டிக்காரருக்கு மாஸ்டரிடம்தான் இடுப்புப்பிடிப்பு சரியானது. அந்த நன்றிக்குக் காலையில் லோடு வருவதற்கு முன்னால் குடோனை எங்களுக்குத் திறந்துவிடுவார். ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும், அங்கே போவோம். முகூர்த்த மாதம் பிறந்தால் மறுபடி வெங்காயத்துக்கே திரும்பி வருவோம். சின்ன வெங்காயம் மலை மாதிரி குவிந்திருக்கிற இடத்தில் மூச்சுப் பயிற்சி செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆழமாக இழுக்கச் சொல்வார். நாங்கள் இழுப்போம். கண்ணீர் தாரையாகக் கொட்டும். புதிதாக வந்து எட்டிப் பார்த்த ஒருத்தர், இவர்கள் என்னமோ பக்தியில் உருகுகிறார்கள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் நாள் சாக்கு விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். பக்கத்தில் மண்டிக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் தாடி வைத்த பாய் ஒருத்தர், அப்புறம் சிலர். மாஸ்டர் முன்னால் நின்று தெளிவாகச் சொன்னார். “ரெண்டு காலையும் சேத்து மெல்லத் தூக்குங்க. ஒரு முழம். அப்படியே நிறுத்துங்க. மூச்சை அடக்காதீங்க.”

தூக்கினோம். நிறுத்தினோம். பிறகு அவர், “மெதுவா...” என்றார். அடுத்து “வ்” என்று ஒரு சத்தம். அதோடு நின்றுபோயிற்று.

எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. தொடை நடுங்கியது. தலையைத் திருப்பிப் பார்க்கிறேன், மண்டிக்காரர் முகம் அவர் சரக்கின் நிறத்துக்குப் போய்விட்டது, ஆனால் கால் மட்டும் இறங்கவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கிறார், அவர் காலும் மேலேதான். மாஸ்டர் உதட்டைக் கடித்த மாதிரி நிற்கிறார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் முனகவில்லை. நான் தொப்பென்று காலைப் போட்டுவிட்டேன். அதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து “விடுங்க” என்ற சொல் வந்தது. அத்தனை காலும் ஒன்றாக, சத்தமில்லாமல், கீழே வந்தன.

வெளியே வந்ததும் பாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் பல வருஷம் மூட்டை தூக்கி, இடுப்பு போய், திரும்பி வந்து பெரம்பலூரில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்தார்.

“அந்தாளு சொல்றதுக்குள்ள நம்ம உசுரு போயிரும் போல இருக்கே. நீங்கபாட்டுக்குக் காலைக் கீழ போட வேண்டியதுதானங்க?”

“அவரு இன்னும் பேசி முடிக்கலீங்களே,” என்றார் பாய். “ஒரு மனுசன் பேசிக்கிட்டு இருக்கறப்ப பாதியில எந்திரிச்சுப் போவீங்களா?”

“நான் போவேங்க.”

“அதான் பிரஷரு. கொஞ்சம் சபுரா, பொறுமையா இருந்து பாருங்க.”

மாஸ்டர் இப்படி ஒரு சட்டம் போட்டதே இல்லை. முடியாதவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்றுதான் சொல்லுவார். அந்தப் பழக்கத்தை நாங்களாகப் பிடித்துக்கொண்டோம். எப்படி வந்தது, யார் முதலில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை நாங்கள் நாலைந்து பேர் திருச்சியில் வேறொரு வகுப்புக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே வாத்தியார் “தூக்குங்க” என்றார், மூச்சு விடுவதற்குள் “விடுங்க” என்றார். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காசு கொடுத்துப் பாதிப் படத்தில் எழுந்து வந்த மாதிரி இருந்தது.

கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒரு வருஷம் போல ஆன பிறகு நான் அவரிடமே கேட்டேன். “மாஸ்டர், அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுறீங்க? ‘எறக்குங்க’ன்னு சொன்னா வேலை முடிஞ்சுது.”

சிரித்தார். அன்றைக்குத்தான் மடிப்பு வேலைக்கு நடுவில், கடைப் பின்கட்டில் உட்கார்ந்து, தன் கதையைக் கொஞ்சம் சொன்னார். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அந்தண்டை முந்திரிக்காட்டு ஊர் அவருக்கு. சின்ன வயதில் நாக்கில் வசம்பு உரசித் தடவினார்கள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னார்கள். சிறுவாச்சூர் காளி கோயிலில் அம்மா மாவிளக்குப் போட்டார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. அதனால் அவர் ஒரு வித்தை கண்டுபிடித்துக்கொண்டார். வராத சொல்லை ஒதுக்கிவிட்டு வருகிற சொல்லைப் போடுவது. ஓட்டலில் பூரியும் பொங்கலும் வடையும் அவருக்கு உயிர். ஆனால் மீசை நரைக்கத் தொடங்கும் வரைக்கும் இட்லியே தின்றார், அதுதான் வாயில் வரும். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் பெரம்பலூர் என்று கேட்கத் திக்கும். அதனால் கவுள்பாளையம் என்று டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்து வருவார்.

“இன்னைக்கு ஒண்ணை ஒதுக்கினா நாளைக்கு இன்னொண்ணு ஒதுங்குதுங்க,” என்றார். “கடைசில ஊமையாத்தான் நிக்கணும். சொல்லிக் குடுக்குறதுன்னு ஆன அப்புறம் ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு. எவ்ளோ நேரம் ஆனாலும் அந்தச் சொல்லையே சொல்லிடறது.”

முதல் முதலாக இந்த முடிவோடு ஓட்டலுக்குப் போனதை அவர் சொல்லக் கேட்க வேண்டும். சர்வர் வந்து நின்றிருக்கிறான். இவர் உதட்டை ஒட்டிக்கொண்டு போராடுகிறார். சர்வர் பட்டியல் முழுக்க ஒப்பித்துப் பார்க்கிறான், இவர் தலையை ஆட்டி ஆட்டி அவனை நிறுத்தச் சொல்கிறார். பக்கத்து மேசையில் சாப்பாடு முடிந்து இலையை எடுத்தாயிற்று. கடைசியில் வேர்த்து விறுவிறுத்து “பூரி” என்றாராம். சர்வர் சொன்னானாம், “பூரி தீந்துருச்சுங்க.” இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மடித்து வைத்த சேலையெல்லாம் சரிந்து விழுந்தது. “கெடைக்கலைன்னா என்ன, சொன்னேனில்ல” என்றார்.

யோகாவுக்கு வந்ததும் பேச்சுக்காகத்தான். மூச்சு ஒழுங்கானால் பேச்சு ஒழுங்காகும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஞாயிறு தவறாமல் பொன்மலைக்குப் போய், ரிட்டையர் ஆன ஒரு ரயில்வேக்காரரிடம் பல வருஷம் கற்றிருக்கிறார். பேச்சு அப்படியேதான் இருந்தது. ஆனால் உடம்பு வில்லாய் வளைந்தது. “நாக்கு சொன்னபடி கேக்கலை, ஒடம்பு கேட்டுச்சு. கேக்குறதோட சிநேகமா இருந்துக்கலாம்னு இருந்துட்டேன்” என்பார். கடையில் கால் மடக்கிப் பத்மாசனத்தில் உட்கார்ந்தேதான் சேலை மடிப்பார். அதைப் பார்த்து முதலாளி தன் முதுகுவலிக்கு யோசனை கேட்க, முதலாளி சொல்லி மண்டிக்காரர் வர, இப்படித்தான் வகுப்பு உண்டாயிற்று.

அரியலூர் பஸ் கண்டக்டர் ஒருத்தர் எங்களோடு சேர்ந்ததும் ஒரு கூத்து. மாஸ்டர் ஒரு நாள் பஸ்ஸில், இனிமேல் பெரம்பலூர் என்றே கேட்பது என்று நின்றிருக்கிறார். கண்டக்டர் பொறுமை இழந்து, “எங்கய்யா? சொல்லித் தொலை” என்று கத்தியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் வந்து சேர்வதற்குள் ஊர்ப்பெயர் வந்துவிட்டது, டிக்கெட்டும் கிழித்தாயிற்று. சில மாதம் கழித்து நரம்பு சுருட்டிக்கொண்ட காலோடு கண்டக்டர் வெங்காய மண்டிக்கு வந்து, முன்னால் நிற்கிற வாத்தியாரைப் பார்த்துத் திரும்பி ஓடப் பார்த்தார். மாஸ்டர்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதற்கும் “வாங்க” என்று சொல்லித்தான் கூப்பிட்டார், கண்டக்டர் வாசலிலேயே நின்று அது முடியும்வரை கேட்க வேண்டியதாயிற்று.

ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? இரண்டாவது வாரம், எங்கள் கால்கள் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருக்க, மாஸ்டர் “வ்” என்று நின்றுகொண்டிருக்க, கண்டக்டர் பொறுக்க மாட்டாமல் பஸ் குரலில், “விடுங்க விடுங்க, எல்லாரும் எறக்கு” என்று கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்குப் பழகிய ஊரல்லவா, எங்கள் கால்களும் தடதடவென்று இறங்கிவிட்டன. மாஸ்டர் வாய் அந்தச் சொல்லின் வடிவத்திலேயே நின்றுபோயிற்று. போய் ஒரு காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபம் இல்லை, அதைவிட மோசமாக ஏதோ அவர் முகத்தில் இருந்தது.

“என் சொல்லை எடுக்காதீங்க,” என்றார். “லேட்டானாலும் நானே எடுத்துக்குறேன்.”

கண்டக்டர் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினார். நாங்களும் தூக்கினோம். அந்தத் தடவை சொல் வர ரொம்ப நேரம் ஆயிற்று.

இன்னொரு ஆளைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி வியாபாரி. பெரம்பலூரில் ஏதோ வேலையாகத் தங்கியிருந்தபோது எங்கள் வகுப்புக்குக் கொஞ்ச நாள் வந்தார். மரியாதைக்காரர், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். ஊருக்குப் போய்த் தன் மச்சான்மார், பங்காளிகள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பல மாதம் கழித்து வந்தவர் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் தப்பில்லாமத்தான் சொல்லித் தர்றேங்க. ஆனா ‘விடுங்க’ங்கறதுக்கு முன்னாடி மாஸ்டர் சொல்ற அந்த ‘வ்... வ்... வ்...’ மந்திரத்தை மட்டும் எத்தனை தடவை சொல்லணும்னு தெரியலை” என்று கேட்டிருக்கிறார். அந்த ஊரில் ஒரு குடும்பமே காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி, அந்த மந்திரத்தைப் பயபக்தியோடு ஜபித்துக்கொண்டிருக்கிறது.

பாய் இதை மாஸ்டரிடம் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். மண்டிக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “திக்குறதுக்கும் ஒரு சிஷ்யன் கெடைச்சுட்டான்” என்றார். எங்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு நாங்களும் சிரித்தோம்.

அவருக்கு என்று ஒரு ஆசை இருந்தது. அது பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆக வேண்டும் என்பது. ஜவுளிக்கடையும் மண்டியும் போதாதா என்று நாங்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு நாள் சொன்னார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘பிரசண்ட் சார்’ என்று சொல்ல வேண்டும். இவர் பெயர் வரும், இவர் எழுந்து நிற்பார், ‘பி’ வராது. வாத்தியார் காத்திருக்க மாட்டார். ஆள் எதிரில் நிற்கும்போதே ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வருஷக் கடைசியில், நாள் குறைகிறது, பரீட்சை எழுத முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த வருத்தமும் இல்லை, சேலை மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அந்த வாத்தியாரைத் தேடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அரியலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு யோகா வாத்தியார் வைக்க நினைத்தது. அதன் தாளாளர் ஒரு அம்மா. மாஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு வரச் சொல்லிப் பார்த்தார், அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் பயிற்றுநர் சர்டிபிகேட் இல்லாமல் சேர்க்க வழியில்லை என்றார். அந்தப் பரீட்சையில் ஆசனம் செய்து காட்டினால் மட்டும் போதாது. பரீட்சையாளர்கள் முன்னால் ஒரு வகுப்பையே நடத்திக் காட்ட வேண்டும், வாயால் சொல்லி.

முதல் தடவை திருச்சியில் எழுதினார். வகுப்பு நடத்த முன்பின் தெரியாத காலேஜ் பையன்களைக் கொடுத்தார்கள். மாஸ்டர் “மெதுவா வ்” என்று நின்றதும் அவர்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலைக் கீழே போட்டுவிட்டார்கள். இறக்கிவிட்டவர்களுக்கு எதற்கு “விடுங்க”? ஆனாலும் இவர் சொல்லி முடித்திருக்கிறார். மறுநாள் காலை மண்டியில் நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தலையை ஆட்டியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். அவர் ஆட்டவில்லை. எங்களைப் பார்த்து நின்று, கழுத்து நரம்பு தெறிக்க, அந்தச் சொல்லையும் முழுசாகச் சொன்னார். “பெயில்.”

நான் கத்தினேன். போய்ச் சண்டை போடலாம் என்றேன். “காலைத் தூக்குங்க” என்றார் மாஸ்டர்.

அடுத்த வருஷம் கோடை லீவில் பரீட்சையை அரியலூரிலேயே, அதே பள்ளிக்கூடத்து ஹாலில் வைத்தார்கள். லீவில் பையன்கள் கிடைக்க மாட்டார்கள் என்பதால், இந்தத் தடவை அவரவர் மாணவர்களைக் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். இதிலும் போனால் ஜூனில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தாளாளர் அம்மா வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அதனால் மண்டிக்காரர் அன்றைக்கு லோடு வேண்டாம் என்றார், பாய் கடையைச் சாத்தினார், கண்டக்டர் லீவு போட்டார். நான் கடையில் நின்ற மூன்று மோட்டார்க்காரர்களிடமும் திட்டு வாங்கிக்கொண்டு பதில் பேசாமல் கிளம்பினேன். நான் பதில் பேசாததைப் பார்த்து என் பெண்டாட்டி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

ஹாலுக்குள் போகும் முன் மாஸ்டர் எங்களை நிறுத்தினார். “இங்க அவங்க சொல்றதுதான் சட்டம். சார் எறக்கச் சொன்னா ஒடனே எறக்கிடுங்க. எனக்காக யாரும் கஷ்டப்படக் கூடாது” என்றார். சரி சரி என்று தலையாட்டினோம்.

மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் வெள்ளை ஜிப்பா போட்ட பெரியவர். போன வருஷம் பெயில் போட்டதும் அவர்தான். ஆள் கண்டிப்பானவரே தவிர கெட்டவர் இல்லை, வேர்த்துக் கொட்டுகிற எங்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஓரத்து நாற்காலியில் தாளாளர் அம்மா.

வகுப்பு நன்றாகவே போயிற்று. நிற்கிற ஆசனம், உட்கார்கிற ஆசனம் எல்லாம் முடிந்தது. பிறகு மல்லாந்து படுத்தோம். “ரெண்டு காலையும் சேத்து மெல்லத் தூக்குங்க.” தூக்கினோம். “மூச்சை அடக்காதீங்க.” அடக்கவில்லை. “மெதுவா...”

நின்றுபோயிற்று.

எத்தனையோ தடவை அவர் திக்கக் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி கேட்டதில்லை. ‘வ்’ என்பதுகூட வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வேறு. மேசைப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“போதும். விடுங்க,” என்றார் பெரியவர்.

ஒரு கால்கூட இறங்கவில்லை.

காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் சத்தமாக, “காலை எறக்கலாம்ப்பா. நாங்க பாத்துட்டோம்” என்றார்.

வாசலில் மாஸ்டருக்குத் தலையாட்டிய அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பெரியவர் எழுந்து வந்து மண்டிக்காரர் பக்கத்தில் குனிந்தார். “ஏங்க, ஒடம்பு நடுங்குதே. கீழ போடுங்க. நான் சொல்றேன்ல?”

“எங்க மாஸ்டரு இன்னும் சொல்லலீங்க,” என்றார் மண்டிக்காரர், மூச்சு வாங்க.

“அவரு சொல்ல இன்னும் நேரம் ஆனா?”

“ஆவட்டுங்க.”

பெரியவர் நிமிர்ந்தார். மாஸ்டரைப் பார்த்தார். நானும் படுத்தபடியே பார்த்தேன். மாஸ்டர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். மூச்சை ஒரு தடவை நிதானமாக இழுத்து வெளியே அனுப்பினார். பிறகு சொன்னார்.

“விடுங்க.”

அத்தனை காலும் ஒன்றாக, சத்தமில்லாமல், தரைக்கு வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் இல்லாத ஊரில் அழுததற்குக் கண்டக்டர் பல நாள் என்னைக் கிண்டல் செய்தார். அவரும் அழுதார்.

பெரியவர் மேசைக்குப் போய் மற்ற இருவரிடமும் தாழ்ந்த குரலில் பேசினார். அதில் இளையவர் ஒருத்தர் ஏதோ மறுத்துச் சொல்வது தெரிந்தது. “கிளாஸ்ல எதைப் பாக்கணுமோ அதைப் பாத்தாச்சு” என்று பெரியவர் சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது. பிறகு மாஸ்டரை மேசைக்குக் கூப்பிட்டு, தேறிவிட்டீர்கள் என்றார். தாளாளர் அம்மா எழுந்து வந்து, “ஸ்கூல் தெறக்குறன்னிக்கே வந்துடுங்க” என்றார். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரியவர் பேனாவைத் திறந்தார். “சர்டிபிகேட்டுல எழுதணும். உங்க பேரைச் சொல்லுங்க.”

“இந்தத் தாளிலேயே இருக்கு சார்,” என்று இளையவர் எடுத்துக் காட்டினார்.

“இருக்கட்டும். அவரு சொல்லட்டும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜவுளிக்கடை முதலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அவர் மாஸ்டர். தன் பெயரைத் தன் வாயால் அவர் சொல்லி நாங்கள் ஒருத்தரும் கேட்டதே இல்லை. ‘ப’வில் தொடங்குகிற பெயர். வைத்த அப்பாவுக்கு என்ன தெரியும், பாவம்.

உதடு ஒட்டிக்கொண்டது. நரம்பு புடைத்தது. பெரியவர் பேனா முனையைத் தாளின் மேல் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இளையவர் ஒரு தடவை வாயைத் திறந்தார், பெரியவர் கையை அசைத்து அவரை நிறுத்தினார். தாளாளர் அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். கண்டக்டர் இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார்.

வந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சேர்ந்து முழுசாக வந்தது. பெரியவர் அதைக் கேட்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் இப்போதும் அரியலூரில்தான் இருக்கிறார். போய்க் கேட்டால் அவரே சொல்வார். கொஞ்சம் நேரம் ஆகும்.